மீன் தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்



சென்ற ஆண்டு என் பேத்தி புதுநன்மை வாங்கியபோது, அவளுடைய தாய்மாமன் கண்ணாடி மீன் தொட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அதனுடன் ஒரு பொட்டலம் வண்ணக் கற்களும், காற்றை ஊதும் சிறு மின்கருவியும், வடிகட்டிப் பஞ்சும், நெகிழிப் பையில் நீந்திக்கொண்டிருந்த பன்னிரண்டு மீன்களும் வந்தன. கிணற்று நீரை நிரப்பி அன்று மாலையே மீன்களை விட்டுவிட்டோம். விற்றவர் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். கருங்கல் சந்தைக்கு வந்துபோகும் உற்றார் உறவினரெல்லாம் எங்கள் வீட்டில் நுழைந்து, அந்தத் தொட்டியைக் கண்டு மகிழ்ந்து சென்றனர்.

ஐந்தாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்தது. ஏழாம் நாள் மூன்று. பத்தாம் நாள் முடிவில் இரண்டே எஞ்சின. அப்போது அங்கே வந்திருந்த அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர், "பிள்ளைக்குக் கைராசி போதாது போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. நம்மில் பலர் நாள்தோறும் சொல்லும் சொல்தான் அது. ஆனால் ஒன்பது வயதுக் குழந்தை அதைக் கேட்டுவிட்டாள். அன்று முதல் அவள் தொட்டியின் அருகே போகவில்லை. மீனுக்குத் தீனி போட மறுத்தாள். தான் ஆசையாய்த் தூக்கி வளர்த்த கோழிக்குஞ்சுகளைக்கூடத் தொடாமல் ஒதுங்கி நின்றாள். ஓர் இரவு என்னருகே வந்து, "பாட்டா, நான் தொட்டா எல்லாம் செத்துப்போகுமா?" என்று கேட்டாள். எனக்கு அன்று உறக்கம் வரவில்லை.

மறுநாள் முதல் இதைப் பற்றி விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஓர் உண்மை தெளிவாயிற்று. குற்றம் அவள் கையில் இல்லை. என் கையில் இருந்தது. ஒவ்வொரு மீன் செத்தபோதும் தொட்டி முழுவதையும் கவிழ்த்து, கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, புதுநீர் நிரப்பியவன் நான். "சுத்தம் சோறு போடும்" என்று அவளுக்குப் பாடமும் சொன்னேன். அந்தச் சுத்தமே மீன்களுக்குக் கேடாய் முடிந்தது. கைராசி இல்லாதவள் என்ற பெயரை ஒரு குழந்தை சுமக்கக் காரணம் அவளுடைய பாட்டாவின் அறியாமையே. இம்மாதம் இப்பக்கத்தில் இதை எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

தெளிந்த நீரில் நஞ்சு

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே அமோனியாவாக நீரில் விடுகிறது. தின்னாமல் எஞ்சிய தீனி அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. குளத்திலும் ஆற்றிலும் நீர் மிகுதி. சேறும் செடிகளும் உண்டு. அந்த அமோனியா தங்குவதில்லை. எங்கள் தொட்டியிலோ கல்லும் வெற்றிடமும் போக ஐம்பது லிட்டர் நீர்தான் இருந்தது. அதில் பன்னிரண்டு மீன்கள் விடும் கழிவு எங்கும் போக வழியின்றி நாளுக்கு நாள் சேர்ந்தது. பார்வைக்கு நீர் பளிங்குபோல் இருக்கும். மீனின் செவுளோ வெந்து கொண்டிருக்கும்.

அமோனியா நீரில் இரு வடிவங்களில் நிற்கிறது; ஒன்று கொடிது, மற்றொன்று அவ்வளவு தீங்கற்றது. நீரின் அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7 ஆக இருந்தால், நம் நாட்டு வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கொடிய வடிவம் இருக்கும். பி.எச். 8 ஆகிவிட்டால் அது ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். ஒரே அளவு அமோனியா ஒரு வீட்டுத் தொட்டியில் மீனைக் கொல்வதும் மற்றொரு வீட்டில் கொல்லாமல் விடுவதும் இதனால்தான். இதை அறியாதவர்கள் ராசி என்கிறார்கள்.

இயற்கையில் இந்த நஞ்சை மாற்றுவதற்கென்றே நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பாக்டீரியா என்றதும் நமக்கு நோயே நினைவுக்கு வரும். ஆனால் இவை நோய் தருவனவல்ல. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான், மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். இரத்தம் பழுப்பு நிறமாகும். மீன் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டோ நம் வாழையும் தென்னையும் மரச்சீனியும் வேரால் உறிஞ்சும் உரம். மீனுக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. வாரம் ஒருமுறை சிறிது நீர் மாற்றினால் போதும். நாம் எருக்குழியில் சாணத்தை மக்கவிட்டுப் பின் தோட்டத்தில் இடுகிறோமே, அம்மண்ணிலும் இவ்வகை உயிர்களே வேலை செய்கின்றன.

தந்தையும் மகனும்

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், பொன்மீன், நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றை ஒரே கலத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவற்றை வாழவைக்கலாம் என்று 1850-இல் அறிவித்தார். செடி பிராணவாயு தரும், நத்தை அழுகலைத் தின்னும், மீன் வாழும் என்பது அவர் கண்ட சமநிலை. வீட்டு மீன் தொட்டி என்ற எண்ணம் பரவ அவருடைய ஆராய்ச்சியும் ஒரு காரணம். ஆயினும் அந்தக் கலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உழைத்த உயிர்களை அவர் அறியவில்லை.

1877-இல் பிரெஞ்சு அறிஞர்களான ஷ்லோசிங், மியுன்ட்ஸ் இருவரும், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். இருபது நாள்வரை எந்த மாற்றமும் இல்லை. அதன்பின் அமோனியா மறைந்து நைட்ரேட் வெளிவரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றுபோயிற்று. ஆவியை அகற்றிய பின்பும் அது திரும்பவில்லை. தோட்டத்து மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியபோதுதான் மீண்டும் தொடங்கியது. ஆகவே, இது வெறும் வேதியியல் மாற்றமன்று, உயிர்களின் செயல் என்பது உறுதியாயிற்று. இருபது நாள் காத்திருப்பு, நஞ்சினால் வேலை நின்றது, சிறிது உறை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது ஆகிய மூன்றையும் நினைவில் வையுங்கள். ஒரு புது மீன் தொட்டியின் கதை முழுவதும் இவற்றில் அடங்கியிருக்கிறது.

இச்செய்தியைப் பற்றிக்கொண்டு இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் உழைத்தவர் யார் தெரியுமா? மீன் கலம் அமைத்த அந்த வாரிங்டனின் மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது என்றும், ஒவ்வொரு படிக்கும் தனித்தனி உயிர்கள் உண்டு என்றும் அவர் காட்டினார். ஆனால் அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. சத்து நிறைந்த ஊன்பசையில் அவை வளர மறுத்தன. 1890-இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய அறிஞர் சூரிச் நகரில் அதைச் சாதித்தார். இவ்வுயிர்களுக்கு ஊனும் சத்தும் வேண்டாம். அமோனியாவிலிருந்து ஆற்றலையும் கரியமில வாயுவிலிருந்து உடலையும் ஆக்கிக்கொள்கின்றன என்பதை அவர் கண்டார்.

ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படி வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நைட்ரோஸ்பைரா என்ற வேறோர் இனமே அதைச் செய்கிறது என்பது 1998-இல் தெரியவந்தது. 2015-இல் மற்றொரு வியப்பு: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் இரண்டு படி வேலையையும் தாமே தனித்துச் செய்துமுடிக்கின்றன. இதைக் கண்டறிந்த இரு குழுவினருள் ஒரு குழுவினர் அவற்றைப் பெற்ற இடம் மீன் வளர்ப்புத் தொட்டி ஒன்றின் வடிகட்டி.

ஏன் இத்தனை நாள்?

நல்ல சூழலில் சாதாரண பாக்டீரியா சில இருபது நிமிடங்களில் இரு மடங்காகப் பெருகும். நம் தொட்டித் தோழர்களோ மந்தமானவர்கள். இரு மடங்காக அரை நாள், ஒரு நாள், சிலவேளை அதற்கு மேலும் எடுத்துக்கொள்வர். ஆகவே புதுத் தொட்டியில் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் அமோனியா ஏறும், பின் இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பின் அதுவும் இறங்கும். இரண்டும் அற்றுப்போய் நைட்ரேட் மட்டும் நிற்கும் நாளே மீன் குடிபுகும் நாள்.

இவை நீரில் மிதந்து திரிவதைவிடப் பொருள்மேல் ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. வடிகட்டிப் பஞ்சிலும் கல்லிலும் மெல்லிய வழுவழுப்பாய்ப் படிந்திருப்பவை இவையே. அந்த வழுவழுப்பைத்தான் நான் அழுக்கு என்று எண்ணிச் சோப்புத்தூளால் தேய்த்தேன். தயிருக்கு வைத்த உறைமோரைச் சாம்பல் போட்டு விளக்கியவன் பெற்ற பயனையே நானும் பெற்றேன்.

செய்ய வேண்டியது

முதலாவது, தொட்டியை வைத்து, கல் பரப்பி, நீர் நிரப்புங்கள். வண்ணக் கற்கள் இல்லையெனினும் குறையில்லை. நம் ஊரின் பெயரையே தாங்கிய கருங்கல் சல்லியைத் தூசி போகப் பலமுறை கழுவிப் போட்டால் போதும். உப்பு ஊறிய கடல் மணல் வேண்டாம். குழாய் நீரானால் அதில் குளோரின் கலந்திருக்கும். அது நம் நுண்ணுயிர்களையும் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் திறந்து வைத்துக் காற்றூதிய பின் ஊற்றுங்கள். கிணற்று நீரானால், கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட சில நாட்களுக்கு அந்த நீரைத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, காற்றுக் கருவியையும் பஞ்சு வடிகட்டியையும் இரவு பகல் ஓயாமல் ஓடவிடுங்கள். 1 கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற இவ்வுயிர்களுக்கு ஏறத்தாழ 4½ கிராம் பிராணவாயு தேவை. மின்செலவுக்கு அஞ்சி இரவில் நிறுத்துவோர் உண்டு. காலையில் அவை மூச்சடைத்துக் கிடக்கும். மின்சாரம் நின்றுவிட்டால் தீனியை நிறுத்திவிட்டு, குவளையால் தொட்டி நீரை அள்ளிச் சற்று உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசி நம் மாவட்டம் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வேளையில் கைகொடுக்கும் வழி இதுவே.

மூன்றாவது, மீன் விடாமலே அந்த உயிர்களுக்கு உணவிடுங்கள். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டால், அது அழுகி அமோனியா தரும். துணியில் முடிந்த ஒரு சிறு இறால் துண்டும் ஆகும்.

நான்காவது, உறை ஊற்றுங்கள். பாலை அப்படியே வைத்தால் தயிராகாமல் கெட்டுப்போகலாம். ஒரு கரண்டி உறைமோர் விட்டால் ஓரிரவில் தயிராகிறது. அதுபோல், பல மாதமாய் நலமாக ஓடும் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போடுங்கள். அல்லது அதைப் பிழிந்த நீரை ஊற்றுங்கள். காத்திருக்கும் காலம் பாதியாகக் குறையலாம். நோய்ப்பட்ட மீன் இருக்கும் தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். குளத்து நீரையும் ஊற்றாதீர்கள். அதில் மீனுக்கு ஆகாத ஒட்டுண்ணிகள் வரக்கூடும்.

ஐந்தாவது, நீரின் பி.எச். அளவைப் பாருங்கள். நம் பகுதியின் செம்மண், சரல்மண் கிணறுகள் பலவற்றில் நீர் சற்றே அமிலத் தன்மையுள்ளது. நுண்ணுயிர்களின் வேலையும் மேலும் அமிலத்தை உண்டாக்கும். பி.எச். 6½-க்குக் கீழே இறங்கினால் அவை மந்தமாகிவிடும். வாரம் பல சென்றும் மாற்றம் காணாது. இதற்குச் செலவற்ற மருந்து, நன்கு கழுவி வேகவைத்த சிப்பி ஓடு ஒரு கைப்பிடி. அதிலுள்ள சுண்ணாம்பு மெல்லக் கரைந்து அமிலத்தைத் தணிக்கும்.

ஆறாவது, சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். வண்ண மீன் விற்கும் கடைகளில் கிடைக்கும். தீனி இட்ட மறுநாளும் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தொடர்ந்து சில நாள் காட்டினால், பாதி நீரை மாற்றிவிட்டு மூன்று நான்கு மீன்களை மட்டும் விடுங்கள். இரண்டு வாரம் சென்றபின் மேலும் சில. குடும்பத்தில் வாய்கள் பெருகும் வேகத்துக்கு உழைக்கும் கைகளும் பெருக வேண்டுமல்லவா?

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டுத் தவிப்பவர்கள் கலங்க வேண்டாம். நாள்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மிகக் குறைவாகவே தீனி போடுங்கள். நைட்ரைட் ஏறி மீன் மூச்சுக்குத் தவித்தால், 50 லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும்.

தொட்டி நிலைபெற்ற பின், வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். வாரந்தோறும் மாற்றும் தொட்டி நீரை ஒரு வாளியில் எடுத்து, அதிலேயே மெல்லப் பிழிந்து திரும்ப வையுங்கள். பஞ்சையும் கல்லையும் ஒரே நாளில் கழுவுவதும் வேண்டாம். காரணமறியாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தொட்டியில் கொட்டாதீர்கள்; அது நோய்க் கிருமியோடு நம் பணியாளரையும் கொல்லலாம். வாளி நீரை வாழைக்கு ஊற்றுங்கள். வளர்க்க மனமில்லாத மீன்களை மட்டும் நம் ஊர்க் குளங்களில் விடாதீர்கள். அயல்நாட்டு மீன்கள் பெருகினால் நம் நாட்டு மீன்களுக்கு இடமில்லாமற் போகும்.

பேத்தியின் குறிப்பேடு

எஞ்சிய இரண்டு மீன்களையும், அடுத்த தெருவில் பழைய தொட்டி வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவரே தம் பஞ்சில் பாதியை வெட்டித் தந்தார். மிடாலம் கடற்கரைக்குப் போனபோது பொறுக்கிய சிப்பி ஓடுகளை வேகவைத்துப் போட்டேன். பேத்தியை வற்புறுத்தவில்லை. "நீ தொட வேண்டாம் மக்களே, நான் சொட்டு விடுகிறேன், நீ நிறத்தை மட்டும் பார்த்து எழுது" என்றேன்.

முதல் வாரம் தயங்கியபடியே எழுதினாள். நான்காம் நாள் மஞ்சள் பச்சையாயிற்று, அமோனியா ஏறியது. பத்தாம் நாள் பச்சை வெளிறியது. அன்று அவளே சொட்டுப் புட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். பதினான்காம் நாள் நைட்ரைட் உச்சத்தில் நின்றது. இன்னும் எத்தனை நாள் என்று தினமும் கேட்டாள். "தெரியாது, அவர்கள் வேலை முடியட்டும்" என்றேன். இருபத்து நான்காம் நாள் இரண்டும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் "வேலை முடிந்தது" என்று எழுதினாள்.

அந்த இரண்டு மீன்களையும் திரும்பக் கொண்டுவந்தோம். பையின் முடிச்சை அவிழ்க்க நான் கை நீட்டினேன். "நான் விடுதேன் பாட்டா" என்று அவளே அவிழ்த்துத் தொட்டியில் விட்டாள். ஓராண்டாகப் போகிறது, அவ்விரண்டும் இன்றும் நீந்துகின்றன. அவற்றோடு வேறு ஆறும் சேர்ந்துள்ளன.

சில நாள் சென்று அந்த மூதாட்டி மீண்டும் வந்தார். பேத்தி அவரைத் தொட்டியின் முன் அமர்த்தி, குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டி விளக்கினாள். அவர் பொறுமையாய்க் கேட்டு, "எனக்கு யாரு இதெல்லாம் சொல்லித் தந்தா மக்களே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மைதான். அவருக்கும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

பெற்றோரே, மீன் செத்தாலும் செடி பட்டாலும் பால் திரிந்தாலும், ஒரு பிள்ளையின் கையைக் குறைகூறுமுன் காரணத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டில் வெறுமையாய்க் கிடக்கும் கண்ணாடித் தொட்டி ஏதேனும் இருந்தால், அதைத் துடைத்து எடுத்து இன்றே நீர் நிரப்பி, ஒரு துண்டு பஞ்சுக்கு ஆள் தேடுங்கள். மீன் வாங்க ஒரு மாதம் கழித்துப் போகலாம்.